கருப்பு கவுன் வரையும்போது மை பாட்டிலை அவசரமாகத் திறக்காதீர்கள்

1940, 50-களின் பேஷன் படங்களைப் பார்த்து கருப்பு கவுன் வரையப் பழகுகிறவர்களின் தாள்கள் அடிக்கடி என்னிடம் வருகின்றன. பக்கத்தில் அந்தக் காலத்துப் பேஷன் ஓவியர் ரெனே க்ரூவோவின் படம் இருக்கும். எதிரில் உள்ள தாளில், எல்லோரும் செய்யும் அதே தவறுகள். விரல் தடித்துப்போவது, கண் ஏறி இறங்குவது எல்லாம் கை பழகினால் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கழுத்திலிருந்து கீழ்விளிம்பு வரை மையை நிரப்புவது

அண்மையில் ஒரு மாணவி அருமையான பென்சில் கோட்டோவியம் கொண்டுவந்தார். இடுப்பில் ஒரு கை, சற்றே திரும்பிய தோள், விரிந்த பாவாடை. மறுநாள் பார்த்தால் அத்தனையும் இந்தியன் இங்க் என்ற நீர்புகாத கருப்பு மைக்குள் போய்விட்டது. மடிப்பு தெரியவில்லை என்று வெள்ளை ஜெல் பேனாவால் கோடு கோடாக இழுத்திருந்தார். கவுன், சாக்பீஸால் கிறுக்கிய கரும்பலகையாகிவிட்டது. எத்தனை முறை பார்த்தாலும் இந்த ஜெல் பேனா வைத்தியம் எனக்கு எரிச்சலைத்தான் தருகிறது.

துணியில் வெளிச்சம் கோடாக விழுவதில்லை, பரப்பாக விழுகிறது. மடிப்பின் மேட்டில் அகன்று, பள்ளத்தை நோக்கி மங்குகிறது. அதைக் காட்டத் தாளின் வெள்ளைதான் வேண்டும். இந்த மை காய்ந்தபின் கழுவினாலும் போகாது. நல்ல கனமான தாளும் போச்சு, அந்தக் கோட்டோவியமும் போச்சு.

"க்ரூவோவும் தட்டையாகத்தானே நிரப்பினார்?" என்று கேட்பார்கள். சரிதான். ஆனால் அவர் வரைந்த உடைகளைப் பாருங்கள். 1947 பிப்ரவரியில் பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் கிறிஸ்தியன் டியோர் காட்டிய முதல் தொகுப்பில் தோள் உருண்டிருக்கும், இடுப்பு இறுகியிருக்கும், பாவாடை விரிந்திருக்கும். அந்த வெளிவடிவமே உடையைச் சொல்லிவிடும். உள்ளே ஒன்றும் வரையாவிட்டாலும் குறை தெரியாது. உங்கள் கவுன் தொளதொளவென்று தொங்கும் ரகம் என்றால் தட்டையான கருப்பு அதை விழுங்கிவிடும்.

முதலில் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று முடிவு செய்யுங்கள். வெள்ளையாக விட வேண்டிய இடங்களை மெல்லிய பென்சிலால் குறியுங்கள். அப்புறம் தண்ணீர் கலந்த சாம்பல் பூச்சு. முழுக் கருப்பு கடைசியில்தான், அதுவும் மார்புக்கு அடியிலும் இடுப்பு மடங்கும் இடத்திலும் கொசுவங்களின் நடுவிலும் மட்டும். வெளிச்சப் பக்கத்து விளிம்பை வரையாமல் விட்டாலும் பார்க்கிறவர் கண் அதை நிரப்பிக்கொள்ளும்.

எல்லாத் துணிக்கும் ஒரே கருப்பு

வெல்வெட் வெளிச்சத்தைக் குடிக்கும், அதன் விளிம்பு மெத்தென்று இருக்க வேண்டும். சாட்டினில் பளிச்சென்ற வெள்ளையும் ஆழ்ந்த கருப்பும் அடுத்தடுத்து நிற்கும். விறைப்பான டஃபெட்டா துணியின் மடிப்புகள் கோணம் கோணமாக உடையும். மெல்லிய ஷிஃபான் ஒற்றை அடுக்கில் தோலைக் காட்டும், அடுக்கு கூடக்கூடக் கறுக்கும்.

நீட்டுவதை உடம்பெங்கும் நீட்டுவது

தலையின் உயரத்தை அளவாக வைத்தால் சராசரி உடல் ஏழரைத் தலை உயரம், பேஷன் படத்து உருவம் ஒன்பது வரை போகும். கூடுதல் நீளம் பெரும்பாலும் காலுக்குத்தான். மேலுடம்பை இழுத்தால் இடுப்பு இறங்கிவிடும், அந்தக் காலத்துச் சாயலே போய்விடும்.

நகை

ஒன்று போதும்.

கருப்புக் கையுறை

கவுன் மேல் கை படியும் இடத்தில் நூலளவு வெள்ளை விடுங்கள். இல்லாவிட்டால் முழங்கை வரை கை காணாமல் போய்விடும்.