மிக் வெல்டிங்: எந்த வாயுவை வாங்குவது?

கம்பியைத் தானாக ஊட்டி, மின்சாரத்தால் உருக்கி உலோகத்தை ஒட்டும் மிக் இயந்திரம் வந்துவிட்டது, கம்பிச் சுருளும் மாட்டியாகிவிட்டது. சிலிண்டர் வாங்கும்போதுதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். நானும் தடுமாறினேன். ஆர்கான்தான் உயர்ந்த வாயு என்று எங்கோ கேட்டதை நம்பி, கலப்பில்லாத ஆர்கானை வைத்து இரும்புச் சட்டம் ஒன்றை ஒட்டினேன். உருகிய கம்பி தகட்டோடு கலக்காமல் கயிறு போல மேலே உட்கார்ந்துகொண்டது. இரு ஓரங்களிலும் வாய்க்கால் போலப் பள்ளம். வாயுவில் உயர்வு தாழ்வு கிடையாது, எந்த உலோகத்துக்கு எது பொருந்தும் என்பதுதான் கேள்வி.

முதலில் கம்பியைப் பாருங்கள்

சுருளின் மேல் 'வாயு தேவையில்லை' என்ற பொருளில் எழுதியிருந்தால் அது உள்ளே பொடி நிரப்பிய கம்பி. எரியும்போது தானே காப்பு வாயுவை உண்டாக்கிக்கொள்ளும், சிலிண்டரே வேண்டாம். பெரும்பாலும் டார்ச்சை, அதாவது கம்பி வெளிவரும் கைப்பிடியை, நெகட்டிவ் முனையில் இணைக்கச் சொல்வார்கள். திடக் கம்பி என்றால் டார்ச் பாசிட்டிவ் முனையில், வாயு கட்டாயம். உருகிய உலோகம் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சிக்கொள்ளும். உறையும்போது வெளியேற முடியாத வாயு, ஒட்டு முழுவதும் நுண்துளைகளாகத் தங்கிவிடும். அதைத் தடுப்பதுதான் காப்பு வாயுவின் வேலை.

உலோகத்துக்கு ஏற்ற வாயு

அலுமினியத்துக்கு 100 சதவீத ஆர்கான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு 98 சதவீத ஆர்கானோடு 2 சதவீத கார்பன் டை ஆக்சைடு கலந்தது. இவற்றில் யோசிக்க அதிகம் இல்லை.

யோசிக்க வேண்டியது சாதாரண இரும்பில்தான், வீட்டு வேலைகளில் பெரும்பகுதியும் அதுதான். முழு கார்பன் டை ஆக்சைடு மலிவானது, ஆழமாக ஊடுருவும். ஆனால் ஆர்க், அதாவது கம்பிக்கும் தகட்டுக்கும் இடையே எரியும் மின்சுடர், முரட்டுத்தனமாக இருக்கும். உருகிய துளிகள் நாலாபுறமும் தெறித்து ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் உளியும் கிரைண்டருமாக உட்கார வேண்டும். 75 முதல் 80 சதவீதம் ஆர்கான், மீதி கார்பன் டை ஆக்சைடு என்ற கலவையில் ஆர்க் சீராக எரியும், தெறிப்பு குறையும். 1 மில்லிமீட்டர் அளவு மெல்லிய தகட்டில் ஓட்டை விழாமல் ஒட்டவும் இது எளிது.

என் கருத்து: தகடு, சதுரக் குழாய் என்று மெல்லிய வேலைகள் அதிகம் என்றால் கலவையே வாங்குங்கள். கனமான பட்டைகளை ஒட்டிப் பெயின்ட் அடிக்கப்போகிறீர்கள் என்றால் கார்பன் டை ஆக்சைடு போதும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எவ்வளவு நேரம் வரும்?

10 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 150 பார் அழுத்தத்தில் கலவை இருந்தால், உள்ளே சுமார் 1500 லிட்டர் வாயு இருக்கிறது. நிமிடத்துக்கு 10 லிட்டர் செலவானால் 150 நிமிடம். டார்ச்சின் விசையை அழுத்தியிருக்கும் நேரம் மட்டும்தான் கணக்கு. ஆகவே பல வார இறுதிகளுக்குப் போதும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்குள் திரவமாக இருப்பதால், அழுத்தமானி கடைசிவரை ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டி, திரவம் தீர்ந்ததும் சட்டென்று இறங்கும். அதை நம்பாமல் எடை போட்டுப் பாருங்கள். சிலிண்டரைப் படுக்க வைத்தால், அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டருக்குள் திரவமே வந்துவிடும். நிமிர்த்திச் சங்கிலியால் கட்டுங்கள். அந்தந்த வாயுவுக்குரிய ரெகுலேட்டரையே மாட்டுங்கள்.

ஓட்டத்தை அமைத்தல்

நிமிடத்துக்கு 10 முதல் 12 லிட்டரில் தொடங்குங்கள். ஒட்டில் நுண்துளைகள் விழுந்தால் உடனே வாயு ஓட்டத்தைக் கூட்டுவது புதியவர்களின் வழக்கம். அளவு மீறினால் வாயு சுழித்து, வெளிக்காற்றையும் உள்ளே இழுத்துவரும். துளைகள் இன்னும் பெருகும். முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். டார்ச்சின் நுனியில் வாயு வெளிவரும் குழலான நாசிலுக்குள் அடைத்திருக்கும் துளிகளைச் சுரண்டுங்கள். துரு, பெயின்ட், எண்ணெயைத் தேய்த்து எடுங்கள். இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். வாயு சரியில்லை என்ற முடிவுக்கு அதற்கப்புறம் வரலாம். எனக்கு இதுவரை அந்த நிலை வந்ததில்லை.

எண்ணெயைத் துடைக்கக் குளோரின் கலந்த பிரேக் கிளீனரை மட்டும் தொடாதீர்கள். ஆர்க்கின் வெப்பத்திலும் புற ஊதாக் கதிரிலும் அது பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறக்கூடும். ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் காற்றைவிடக் கனமானவை, தாழ்வான மூடிய அறையில் தேங்கி மூச்சுக்காற்றை விலக்கிவிடும். கதவைத் திறந்து வையுங்கள். ஆனால் வரும் காற்று ஒட்டும் இடத்தில் நேராக வீசாதபடி ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள். எழுந்து போகும்போது ரெகுலேட்டரை மட்டுமல்ல, சிலிண்டரின் வால்வையும் மூடுங்கள். ஓர் இரவு மறந்ததில் கண்ணுக்குத் தெரியாத கசிவு ஒன்று என் அரை சிலிண்டரைக் குடித்துவிட்டது.