'ஆல்மோஸ்ட் முடிஞ்சிருச்சு': ஸ்பிரிண்டில் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

போன மாதம் எங்கள் சாஃப்ட்வேர் டீமில் சேர்ந்த இரண்டு பேரில் ஒரு பெண், காலை ஒன்பதரை மணி ஸ்டாண்டப்பில் (டீம் தினமும் கூடும் சின்னக் கூட்டம்) மூன்றாவது நாளாக "ஆல்மோஸ்ட் முடிஞ்சிருச்சுண்ணா" என்றாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே வார்த்தையை ஒரு ஸ்பிரிண்ட் (எடுத்த வேலையை முடிக்க டீம் வைத்துக்கொள்ளும் குறுகிய தவணை) முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். கத்திரி வெயிலில் காட்பாடி வீட்டு மாடியறையில், ஃபேன் சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கிறது என்றாலும், இதை எழுதாமல் விட மனசில்லை.

மியூட்டை எடுக்காமல் பேசுவது, டிக்கெட்டை (ஒருவருக்குக் கொடுத்த வேலையின் சீட்டு) போர்டில் நகர்த்த மறப்பது எல்லாம் இரண்டு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். அதை விட்டுவிடுகிறேன்.

ஸ்டாண்டப்பில் ஒப்பிப்பது

நேற்று இதைச் செய்தேன், இன்று இதைச் செய்வேன், தடை எதுவும் இல்லை. வாய்ப்பாடு மாதிரி சொல்லிவிட்டு அடுத்த ஆள் பேசும்போது போனைப் பார்க்கிறார்கள். இந்தப் பதில்களை வரவழைக்கும் மூன்று கேள்விகளை, ஸ்பிரிண்ட் முறைக்கு விதி சொல்லும் ஸ்கிரம் கைடே 2020 பதிப்பில் எடுத்துவிட்டது. அந்தப் பதினைந்து நிமிடம் அட்டெண்டன்ஸ் எடுக்க இல்லை. இன்றைக்கு யார் யாரோடு உட்கார வேண்டும் என்று டீம் தனக்குள் பேசி முடிவு செய்ய. டீம் இந்த முறைப்படி நடக்கிறதா என்று கவனிக்கும் ஸ்கிரம் மாஸ்டரின் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்தினாலே பாதி சரியாகும்.

ஸ்டோரி பாயிண்டை நாள் கணக்காக்குவது

வேண்டாம். ஸ்டோரி பாயிண்ட் என்பது ஒரு வேலை எவ்வளவு பெரிது என்பதற்கு டீம் போடும் தோராய மதிப்பெண். அதைக் கண்டுபிடித்தது நானாக இருக்கலாம் என்று சொல்லும் மூத்த புரோகிராமர் ரான் ஜெஃப்ரீஸே அதற்காக வருத்தப்பட்டு எழுதிவிட்டார்.

'ஆல்மோஸ்ட்'

இதுதான் விஷயம்.

அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்தது ஆம்பூர் பக்கம் ஷூ ஏற்றுமதி செய்கிற ஒரு வாடிக்கையாளருக்கான ஆர்டர் சாஃப்ட்வேர். என் டிக்கெட், ஆர்டர் பதிகிற ஸ்கிரீன்: எந்த மாடல், எந்த சைஸ், எத்தனை ஜோடி. "மூணு பாயிண்ட் போதும்" என்று பிளானிங்கில் நானே வீராப்பாகச் சொல்லியிருந்தேன். இரண்டு வார ஸ்பிரிண்ட், பத்து வேலை நாள்.

மூன்றாவது நாள் மத்தியானமே பிரச்சினை தெரிந்துவிட்டது. இங்கிலாந்து சைஸில் ஏழரை, எட்டரை என்று அரை சைஸ் உண்டு, ஆனால் டேட்டாபேஸில் சைஸ் முழு எண்ணாகத்தான் போய் உட்காரும். அந்த டேபிளை வைத்துத்தான் பேக்கிங் லிஸ்ட்டும் அட்டைப்பெட்டி லேபிளும் ஓடின. எழுதியவர் என்னைவிட எட்டு வருடம் சீனியர். அவரிடம் போய் "அண்ணா, உங்க டேபிள்ல அரை சைஸுக்கு இடமே இல்ல" என்று சொல்ல வாய் வரவில்லை. மூணு பாயிண்ட் என்று சொன்ன வெட்கம் வேறு. ராத்திரி உட்கார்ந்து நானே ஏதாவது செய்துவிடலாம் என்று நினைத்தேன்.

செய்தது என்னவென்றால், எட்டரையைப் பத்தால் பெருக்கி 85 என்று சேமித்து, என் ஸ்கிரீனில் மட்டும் திரும்ப வகுத்துக் காட்டுகிற ஒரு தில்லாலங்கடி வேலை. அது பேக்கிங் லிஸ்ட்டில் 85ஆம் சைஸ் ஷூ என்று வந்தது. அதை மறைக்க இன்னொன்று, அதை மறைக்க மற்றொன்று. எல்லாம் என் பிராஞ்சிலேயே (எனக்கான தனிப் பிரதி), டீமின் பொதுப் பிரதியோடு மெர்ஜ் பண்ணாமல். தினமும் காலையில் "ஆல்மோஸ்ட் முடிஞ்சிருச்சு". அதைக் கேட்டு எல்லோரும் "ஓகே, நெக்ஸ்ட்" என்றார்கள்.

ஒன்பதாவது நாள் மெர்ஜ் செய்யப் போனால், அதே ஃபைல்களை அண்ணன் அந்த வாரம் முழுக்க மாற்றியிருந்தார். எங்கே பார்த்தாலும் கான்ஃப்ளிக்ட், அவர் மாற்றமும் என் மாற்றமும் மோதின. ராத்திரி இரண்டு மணி வரை தீர்த்தேன். தூக்கக் கலக்கத்தில் பத்தால் பெருக்குகிற வரியையும் திரும்ப வகுக்கிற வரியையும் நானே அழித்துவிட்டது எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் டெமோ. வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து வயசான சூபர்வைசர் ஒருவர் வந்திருந்தார். நாங்கள் காட்டுவதற்காக வைத்திருந்த அழகான உதாரணத்தை அவர் சீண்டவே இல்லை. கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, தானே கீபோர்டை இழுத்து, எட்டரை என்று போட்டு 120 ஜோடி என்று அடித்தார். சேவ் ஆனது. திரையில் சைஸ் 8, 120 ஜோடி. ஏசி சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னா தம்பி, எட்டரை காலுக்கு எட்டு போட்டா செருப்பு கடிக்காதா?"

என் டிக்கெட்டோடு, அதை நம்பி இருந்த இரண்டு டிக்கெட்டும் அடுத்த ஸ்பிரிண்டுக்குப் போயின. ஆனால் இன்றைக்கும் எரிச்சல் வருவது அதற்கில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அண்ணன் ஒரு கையில் டீ கிளாஸோடு உட்கார்ந்து டேபிளை தசமத்துக்கு மாற்றி, லேபிளையும் சரிசெய்து எழுந்தார். மொத்தம் ஒன்றரை மணி நேரம். "மூணாவது நாளே சொல்லியிருந்தா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

பெல் லேப்ஸின் டாம் கார்கில் சொன்னதாக 1985இல் ஜான் பென்ட்லி தன் பத்தியில் எழுதிய கிண்டல் ஒன்று உண்டு. முதல் 90 சதவீத புரோகிராம் 90 சதவீத நேரத்தை எடுத்துக்கொள்ளும், மீதி 10 சதவீத புரோகிராம் இன்னொரு 90 சதவீத நேரத்தை எடுத்துக்கொள்ளும் என்பார். கூட்டினால் 180 வரும். 'ஆல்மோஸ்ட்' என்று நீங்கள் சொல்கிற நாளில் பாதிவழியில்தான் நிற்கிறீர்கள்.

அதனால் எது ஓடுகிறது, எது ஓடவில்லை, யார் வேண்டும் என்று சொல்லுங்கள். "முழு சைஸ் சேவ் ஆகுது, அரை சைஸ் ஆகல, அண்ணன்கிட்ட பத்து நிமிஷம் வேணும்." இவ்வளவுதான், பத்து வினாடி. இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றால் மறுநாள் ஸ்டாண்டப் வரை காத்திருக்காமல் உடனே கேளுங்கள். பாதி வேலையானாலும், யூசர் கண்ணில் படாதபடி அணைத்து வைத்தாவது, தினம் கொஞ்சம் மெர்ஜ் பண்ணிவிடுங்கள். சீனியர்களுக்கும் ஒன்று: 'ஆல்மோஸ்ட்' காதில் விழுந்தால் "ஓகே, நெக்ஸ்ட்" சொல்லாதீர்கள்.

அந்தப் பெண்ணை ஸ்டாண்டப் முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, "எதும்மா ஓடல?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினாள். அப்புறம் சொன்னாள்: ஃபைல் அப்லோடு அவள் லேப்டாப்பில் ஓடுகிறது, டெஸ்ட் சர்வரில் பர்மிஷன் இல்லை. அதைக் கொடுக்க வேண்டியவர் சென்னையில் இருக்கிறார், முகம் தெரியாத ஆளை எப்படித் தொந்தரவு செய்வது என்று மூன்று நாள் யோசித்திருக்கிறாள். மெசேஜ் போட்டோம். நான்கு நிமிடத்தில் கொடுத்துவிட்டார்.

ஸ்பிரிண்டுக்கு எடுத்ததைச் சத்தியம் என்று நினைப்பது

2011லேயே ஸ்கிரம் கைடு 'வாக்குறுதி' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'முன்கணிப்பு' என்று மாற்றிவிட்டது. மேனேஜர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

டெஸ்டிங்கைக் கடைசி நாளுக்குத் தள்ளுவது

டெஸ்டருக்கும் குடும்பம் இருக்கிறது.

ரெட்ரோவில் புலம்பிவிட்டு எழுந்து போவது

ஸ்பிரிண்ட் முடிவில் எது சரியாகப் போனது, எது போகவில்லை என்று பேசும் கூட்டம்தான் ரெட்ரோ. மஞ்சள் சீட்டு ஒட்டுவோம், சிரிப்போம், 'கம்யூனிகேஷன் இம்ப்ரூவ் பண்ணணும்' என்று எழுதுவோம், யார் எப்போது என்று எழுத மாட்டோம். அடுத்த ரெட்ரோவில் அதே சீட்டு. நீரில்லா ஆறு, அரசனில்லா கோட்டை, சாமியில்லா கோயில் என்று எங்கள் வேலூரைக் கிண்டல் செய்வார்கள். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981இல் சாமி வந்துவிட்டது. எங்கள் ரெட்ரோ சீட்டுக்கு இன்னும் ஒரு பெயரும் தேதியும் வரவில்லை.