25 வயதுக்குப் பின் வரும் முகப்பரு: இனங்காண்பதும் கவனிப்பதும்

வேலைக்குப் போகும் வயதில் பரு வந்தால், பலரும் பள்ளிப் பருவத்தில் செய்ததையே திரும்பச் செய்கிறார்கள்: நாளுக்கு நான்கைந்து முறை சோப்புப் போட்டுக் கழுவி, தோலை வறள வைக்கிறார்கள். எண்ணெய் வழியும் இளந்தோல் அதைப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். வயது கூடக் கூட வறட்சியும் எரிச்சலும் எளிதில் வருவதால், அதே வைத்தியம் தொந்தரவைக் கூட்டுகிறது.

முதலில் பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். பதின்பருவத்தில் ஆண்ட்ரோஜன் என்ற ஆண்தன்மை ஹார்மோனின் சுரப்பு உயர்ந்து எண்ணெய்ச் சுரப்பிகள் பெரிதாகும்போது, நெற்றியிலும் மூக்கிலும் கரும்புள்ளிகளும் வெண்புள்ளிகளும் நிறையத் தோன்றும். பெரியவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, முகவாய், தாடையோரம், கழுத்து ஆகிய இடங்களில் எண்ணிக்கையில் குறைவாகவும், முனையே தெரியாமல் ஆழத்தில் வலிக்கும் கட்டிகளாகவும் வருவது அதிகம். இவற்றைப் பிதுக்கினால் சீழ் உள்ளேயே பரவி வடு விழும்.

அடுத்து, மூன்று மாதங்களுக்கு நாட்காட்டியில் மாதவிடாய் தொடங்கும் நாளையும் பரு கிளம்பும் நாளையும் குறித்து வையுங்கள். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் பரு கூடுவது ஹார்மோன் தொடர்பைக் காட்டும். அத்துடன் சுழற்சி 35 நாட்களைத் தாண்டித் தாண்டிப் போவதும், முகவாயில் முரட்டு முடி வளர்வதும் சேர்ந்தால் பிசிஓஎஸ் எனும் சினைப்பை ஹார்மோன் கோளாறு உண்டா என்று பரிசோதிக்க வேண்டும். ஆனால் இந்தப் பரு உள்ள பலருக்கு ஹார்மோன் அளவுகள் இயல்பாகவே இருக்கும் என்பதால், வீணாக அஞ்ச வேண்டாம்.

பிறகு முகத்தில் பூசும் களிம்புக் குழாய்களை எடுத்து, சிறிய எழுத்துகளைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மருந்துக்கடையில் சிவப்பழகுக்கென்று கேட்டு வாங்கும் பல களிம்புகளில் இது இருக்கிறது என்பதுதான் என் பெரிய கவலை. முதல் சில நாட்களில் சிவப்பு அடங்கி முகம் வெளுக்கும். பின்னர் ஒரே அளவில் சிறு பருக்கள் கிளம்பும், தோல் மெலியும். நிறுத்தினால் முகம் பொங்கி எரிவதால் மறுபடியும் அதையே பூசத் தோன்றும். இந்தச் சுழலிலிருந்து தோல் மருத்துவரின் உதவியோடு வெளியே வருவதே பாதுகாப்பானது. காசநோய்க்கான ஐசோனியாசிட், மனநல மருந்தான லித்தியம் ஆகியவையும் பருவைத் தூண்டக்கூடும். அவற்றை நீங்களாக நிறுத்தவே கூடாது.

அன்றாடக் கவனிப்பு எளிது. மென்மையான கழுவியால் இருவேளை முகம் கழுவுங்கள். மருத்துவர் பருவுக்கான பூச்சு மருந்தான 0.1 சதவீத அடாபலீன் ஜெல் எழுதித் தந்தால், பட்டாணி அளவு எடுத்து, பருவின் மேல் மட்டும் வைக்காமல் முகம் முழுவதும் மெல்லியதாகத் தடவுங்கள். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில் போதும். மேலே எண்ணெய்ப் பசையற்ற மாய்ஸ்சரைசர் வேண்டும். மாநிறத் தோலில் பரு ஆறிய இடம் மாதக்கணக்கில் கறுத்து நிற்கும் என்பதால், பகலில் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீனைத் தவறவிடாதீர்கள். பென்சாயில் பெராக்சைடு என்ற பரு மருந்தைப் பூசுபவர்கள் வெள்ளைத் துண்டையும் தலையணை உறையையும் பயன்படுத்துவது நல்லது, நிறத்துணி வெளுத்துவிடும். பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகும்.

கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் அடாபலீனைத் தவிர்க்க வேண்டும். அதற்குப் பதிலாகப் பூசும் அசெலாயிக் அமிலம் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். கடும் பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கருவுக்குக் கடும் ஊனத்தை உண்டாக்கும் என்பதால், அதை உட்கொள்ளும் காலத்திலும் நிறுத்திய பின் ஒரு மாதம் வரையிலும் கருத்தடை கட்டாயம்.