கடவுள் உண்டா, இல்லையா? வாதத்தில் சறுக்கும் இடங்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கடலூர் சில்வர் பீச் மணலில் உட்கார்ந்து கல்லூரிப் பிள்ளைகள் சிலருக்கு வாதப் பயிற்சி கொடுக்கிறேன். கடவுள் தலைப்பு வந்துவிட்டால் போதும், கையில் இருக்கிற சுண்டல் ஆறிவிடும். இருபது வயதில் நான் விழுந்த பள்ளத்தில்தான் அவர்களும் விழுகிறார்கள். கோபப்படாதே, குரலை உயர்த்தாதே என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

"அப்படியானால் கடவுளைப் படைத்தது யார்?"

உலகத்துக்கு ஒரு காரணம் வேண்டும், அதுதான் கடவுள் என்று எதிரணி சொன்னதும், திருப்பாதிரிப்புலியூர் மேடை ஒன்றில் இதைக் கேட்டுக் கைதட்டல் வாங்கியவன் நான். இறங்கி வந்ததும் டீக்கடை பெஞ்சில் இருந்த முதியவர், "தம்பி, எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்று யார் சொன்னது?" என்றார். விழித்தேன். 'அவன் அவள் அது எனும் அவை மூவினைமையின்' என்று சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் முதல் நூற்பாவைத் தொடங்கி, 'மூவினைமையின்' என்ற இடத்தில் நிறுத்தி, டீ கிளாஸால் பெஞ்சில் ஒரு தட்டு தட்டினார்.

தோன்றி, நின்று, அழிகிற பொருளுக்குத்தான் கர்த்தா, அதாவது செய்தவன், வேண்டும் என்கிறார் அந்த நூலை எழுதிய மெய்கண்டார், நம் பெண்ணாடத்துக்காரர். அந்த மூன்றும்தான் 'மூவினை'. இம்மூன்றும் இல்லாத ஒன்றுக்கும் வேண்டும் என்று அவர் சொல்லவே இல்லை. அதே 13ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் எழுதிய கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸும் சொல்லவில்லை. அவர்கள் வைக்காத வாதத்தை வெட்டிச் சாய்த்துவிட்டு நான் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

இத்தனை வருடமாகியும் எனக்குக் கடவுள் நம்பிக்கை வரவில்லை. அதனாலேயே எரிச்சல் கூடுகிறது. வலுவான கேள்வி பக்கத்திலேயே கிடக்க, பிள்ளைகள் இந்த நமுத்த பட்டாசையே கொளுத்துகிறார்கள். பகுதிகள் தோன்றி அழிவதால் முழு உலகமும் ஒருநாள் தோன்றியதாகிவிடுமா? வேதத்தை ஏற்றும் படைப்புக் கடவுளை ஏற்காத மீமாம்சகர்கள் மறுத்தது இதைத்தான். 1948இல் பி.பி.சி. வானொலியில் கத்தோலிக்கப் பாதிரியார் கோப்பிள்ஸ்டனிடம் தத்துவவாதி ரஸ்ஸல் கேட்டதும் இதற்குப் பங்காளிதான்: ஒவ்வொரு மனிதனுக்கும் தாய் உண்டு, அதற்காக மனித இனத்துக்கே ஒரு தாய் உண்டா? சைவர்கள் இதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு அவர்கள் உழைக்க வேண்டும்.

முதற்காரணமும் நம் ஊர்ச் சாமியும்

இது எதிரணியின் வழுக்கல். எல்லாவற்றையும் தொடங்கிவைத்த முதற்காரணம் உண்டு என்று நிறுவினாலும், அது ஒன்றுதானா, அறிவுடையதா, வேண்டுதலைக் கேட்குமா என்பதையெல்லாம் தனித்தனியே நிறுவ வேண்டும். ஒரே தாவலில் பாடலீசுவரர் சந்நிதியில் போய் நிற்க முடியாது.

அறிவியலுக்குத் தெரியவில்லை, ஆகவே கடவுள்

தெரியவில்லை என்றால் தெரியவில்லை. அவ்வளவுதான்.

சுனாமி

உலகில் தீமை ஏன் என்றால், மனிதனுக்குக் கொடுத்த சுதந்திரம் என்று பதில் வரும். கொலைக்கு அது பொருந்தலாம். 2004 டிசம்பர் 26 அலைக்கு எப்படிப் பொருந்தும்? நல்ல கேள்விதான். ஆனால் இந்தக் கடற்கரை இருக்கும் தேவனாம்பட்டினத்தில் இதை எடுப்பதற்கு முன் சுற்றி யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். போன மாதம் ஒரு பையன் பார்க்கவில்லை. சுண்டல் விற்கிற அம்மா மீதிச் சில்லறையைக்கூடக் கொடுக்காமல் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.