வேலையில் சேரும் முன் எழும் நேரத்தை மாற்றுங்கள்
வேலையில் சேர இரண்டு வாரம் இருக்கும்போதே, எழும் நேரத்தை இரண்டு நாளுக்கு ஒருமுறை 20 நிமிடம் முன்னே இழுங்கள். எட்டரைக்கு எழுபவர் 14 நாளில் ஆறு பத்துக்கு வந்துவிடுவார். காட்பாடியில் காலை ரயில் பிடிக்க அது உதவும். எழுந்தவுடன் டீ டம்ளரோடு மொட்டை மாடியில் 20 நிமிடம் நில்லுங்கள். உடலின் கடிகாரத்தை முன்னே நகர்த்துவது முக்கியமாகக் காலை வெளிச்சம்தான். வெறுமனே சீக்கிரம் படுத்தால் தூக்கம் வராமல் புரளத்தான் செய்வீர்கள். தூக்கம் கெட்ட எரிச்சலை 'இந்த வேலை நமக்குச் சரிவராது' என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு, பாவம். ஞாயிறு பத்து மணிவரை தூங்கினால் பாதி பலன் போய்விடும்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் சுழற்சி ஷிஃப்ட் கிடைத்தவர்களுக்கு இது பொருந்தாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்றி மனம் சோர்ந்தே இருந்தால், அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலிமானஸில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.