பழைய டிவில புது பாக்ஸ் மாட்டறப்ப நான் பண்ண தப்பெல்லாம் நீங்க பண்ணாதீங்க

போன மே மாசம் ஏற்காட்டுக்கு மேல நாகலூர்ல இருக்கற எங்க அம்மாயி வீட்டுக்கு ஒரு ஆண்ட்ராய்டு பாக்ஸ், அதான் நெட்டுல வர்ற படத்த டிவில காட்டற பொட்டி, வாங்கிட்டுப் போனேன். அங்க இருக்கறது 2006 எலக்‌ஷன்ல சொல்லி அப்புறம் கவர்மென்ட்ல குடுத்தாங்களே அந்த 14 இஞ்ச் கலர் டிவி, பொட்டி டிவிதான், இன்னும் கிண்ணுனு ஓடுது. படமும் சத்தமும் ஒரே வயர்ல போற எச்டிஎம்ஐ ஓட்டை அந்த டிவில கெடையாதுன்னு தெரியும், அதனால சேலம் பழைய பஸ்ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைல கேட்டேன், ஒரு முனைல எச்டிஎம்ஐ இன்னொரு முனைல மஞ்ச வெள்ளை செவப்புன்னு மூணு பின்னு இருக்கற வயர எடுத்துக் குடுத்து "சொருகுனா வந்துரும் தம்பி"ன்னாரு. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போயி சொருகுனா ஒண்ணும் வரல, வெறும் நீலத் திரை.

எல்லாரும் மொதல்ல மாட்டிக்கிறது இந்த வயர்லதான். எச்டிஎம்ஐல போறது டிஜிட்டல் சிக்னல், மஞ்ச பின்னுல போக வேண்டியது அனலாக், ரெண்டும் வேற வேற பாஷை, நடுவுல மொழிபெயர்க்க ஒரு சிப்பு வேணும். வெறும் வயருக்குள்ள சிப்பு எங்க இருக்கும்? பின்னு பொருந்திருச்சுங்கறதுனால படம் வந்துரும்னு அர்த்தம் இல்ல. வாங்க வேண்டியது தீப்பெட்டிய விடக் கொஞ்சம் பெருசா இருக்கற கன்வெர்ட்டர் பொட்டி.

அதுலயும் ஒரு வில்லங்கம் இருக்கு. எச்டிஎம்ஐலேர்ந்து ஏவிக்கு, அதான் அந்த மூணு கலர் பின்னுக்கு, மாத்தறது ஒண்ணு, ஏவிலேர்ந்து எச்டிஎம்ஐக்கு மாத்தறது ஒண்ணு, ரெண்டும் ஒரே சைஸ், ஒரே மாதிரி டப்பா, ரெண்டுலயும் அதே ஓட்டைங்கதான். ரெண்டாவது பழைய டிவிடி பிளேயர புது டிவில மாட்டறவங்களுக்கு, நமக்கு ஆவாது, திருப்பிப் போட்டாலும் வேலை செய்யாது. இன்புட்னு போட்டுருக்கற பக்கம் எச்டிஎம்ஐ இருக்கான்னு கடையிலயே பாத்துருங்க, இல்லாட்டி என்ன மாதிரி மறுபடி மலை எறங்கணும்.

கன்வெர்ட்டருக்குக் கரண்டும் வேணும். கூட ஒரு யூஎஸ்பி வயர் வரும், நெறைய பேரு அத எடுத்து டிராயர்ல போட்டுட்டு படம் விட்டு விட்டு வருதுன்னு புலம்புவாங்க. பொட்டி டிவில யூஎஸ்பி இருக்காது, பழைய செல்போன் சார்ஜர் 5 வோல்ட் ஒண்ணு போதும்.

இதெல்லாம் பண்ணி படமும் வந்துச்சு, ஆனா கருப்பு வெள்ளைல, அதுவும் மேலேர்ந்து கீழ உருண்டுகிட்டே இருக்கு. அம்மாயி "அந்தக் காலத்து டிவி மாதிரியே இருக்குதுடா"ன்னுச்சு. கன்வெர்ட்டரோட பக்கவாட்டுல நகம் வச்சுத் தள்ளற மாதிரி குட்டி சுவிட்ச் ஒண்ணு இருக்கும், பால், என்டிஎஸ்சின்னு போட்டுருக்கும். பால்னா காப்பில ஊத்தற பால் இல்லீங்க, நம்ம ஊர் டிவி முறை. 1982 ஏசியாட் சமயத்துல கலர் வந்ததே அந்த முறைலதான், செகண்டுக்கு 25 படம், ஒரு படத்துக்கு 625 கோடு. என்டிஎஸ்சி அமெரிக்கா ஜப்பான் பக்கத்துது, 525 கோடு, கலர அனுப்பற விதமும் வேற. சில டிவி ரெண்டையும் புரிஞ்சுக்கும், எங்க டிவி புரிஞ்சுக்கல. சுவிட்ச பாலுக்குத் தள்ளுன ஒடனே கலர் வந்து படமும் நின்னுருச்சு.

பெரிய கூத்து இதுக்கப்புறம்தான். பாக்ஸத் தூசி தட்டறப்ப பின்னாடி பாத்தா ஏவின்னு எழுதி ஹெட்போன் ஓட்டை மாதிரி ஒண்ணு இருக்கு, கன்வெர்ட்டரே தேவையில்ல, கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கேன். அதனால காசு போடறதுக்கு முன்னாடி பாக்ஸோட பின்பக்கத்த ஒரு தடவ பாருங்க. எல்லா பாக்ஸுலயும் இருக்காது, புதுசுல பலதுல எடுத்துட்டாங்க. அந்த ஓட்டைக்கு 3.5 எம்எம் பின்னு வச்ச மூணு கலர் வயரு வேணும், கறுப்புக் கோடு மூணு இருக்கறது, பாட்டு கேக்கற வயருல ரெண்டுதான் இருக்கும், அது ஆவாது. கோடு மூணே இருந்தாலும் உள்ள எது வீடியோ, எது கிரவுண்டுங்கற பொதுக் கம்பிங்கறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஸ்பீக்கர்ல கொர்ர்ர்னு இரைச்சல் வந்து படம் வரலன்னா வீடியோ போயி ஆடியோல ஏறுதுன்னு வச்சுக்கலாம். மஞ்சளையும் செவப்பையும் மாத்திச் சொருகிப் பாருங்க, சில வயருக்கு அதுலயே சரியாயிரும், கிரவுண்டே எடம் மாறியிருந்தா வேற வயருதான். டிவில ஆடியோ ஓட்டை ஒண்ணுதான் இருக்குன்னா வெள்ளைய மட்டும் போட்டாப் போதும், செவப்பு தொங்கட்டும்.

எச்டிஎம்ஐ இருக்கற பழைய எல்இடி வச்சிருக்கறவங்களுக்கு இந்தத் தலவலி கம்மி. அங்க பண்ற தப்பு, புது டிவில 4கேன்னு செட் பண்ணி வச்ச பாக்ஸ அப்படியே கழட்டிட்டு வந்து இங்க மாட்டறது, திரை கருப்பாவே நிக்கும், டிவி போச்சுன்னு நெனச்சுருவாங்க. கழட்டறதுக்கு முன்னாடி பாக்ஸ் செட்டிங்ல படத்தோட தரத்த 720பி-க்கு எறக்கிருங்க. படம் வந்து சத்தம் மட்டும் வரலன்னா பாக்ஸோட சவுண்ட் செட்டிங்ல டால்பிய விட்டுட்டு பிசிஎம்னு, அதான் சாதாரண சத்தத்துக்கு, வைங்க, கன்வெர்ட்டர் போட்டவங்களுக்கும் இதேதான்.

மலை மேல இருக்கறவங்களுக்குத் தனியா ஒண்ணு. மூடுபனி ஈரத்துல டிவி பின்னாடி ஓட்டைங்க பச்சை பூத்துரும், பின்ன ரெண்டு திருகு திருகுனா படம் தெளியும், திரும்ப மங்குனா டிவிய ஆஃப் பண்ணி பிளக்க உருவிட்டு காஞ்ச துணியால தொடைங்க. ஓட்டை ஆடுதுன்னு பின் மூடிய மட்டும் நீங்களே கழட்டாதீங்க, கலர் பிக்சர் டியூப்ல 20,000 வோல்ட்டுக்கு மேல ஓடும், ஆஃப் பண்ணப்புறமும் உள்ள தங்கியிருக்கும், அது மெக்கானிக் வேலை. இடி இடிச்சா டிவி, பாக்ஸ், சார்ஜர் எல்லாத்தையும் பிளக்லேர்ந்து உருவிருங்க, சுவிட்ச் ஆஃப் பண்ணா மட்டும் பத்தாது.

கடைசியா படத்தோட அளவு. பொட்டி டிவி நாலுக்கு மூணு, பாக்ஸ் அனுப்பறது பதினாறுக்கு ஒம்பது, போதாததுக்கு பழைய டிவி நாலு ஓரத்துலயும் கொஞ்சம் முழுங்கிரும். அம்மாயி வீட்டுல நியூஸ்ல சேலம்னு வர்றது "லம்"னுதான் தெரிஞ்சுச்சு, அது எந்த ஊருடான்னு என்னையே கேட்டுச்சு. பாக்ஸ் செட்டிங்ல ஸ்கிரீன் பொசிஷன்னு இருக்கும், அதுல 90 பர்சென்ட்டுக்குக் குறைச்சேன், "சே" வந்துருச்சு, எழுத்து சின்னதாப் போயிருச்சு, இப்ப ஸ்டூலப் போட்டு டிவிக்கு ரெண்டடி தள்ளி ஒக்காந்துதான் பாக்குது.