உயிர்வேலிக்குச் செடியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தோட்டத்துக்கு உயிர்வேலி, அதாவது செடிகளாலான மறைப்பு வேண்டும் என்று தோன்றியவுடன் பலரும் நர்சரிக்குச் சென்று, இருப்பவற்றிலேயே உயரமானதும் வேகமாக வளரக்கூடியதுமான செடியைக் கேட்டு வாங்கி வருகிறார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்தச் செடி அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் அடர்ந்து நிற்கும். பார்வையைத் தடுக்க வேண்டிய கண்மட்டத்திலோ வெறும் தண்டுகள்தான் இருக்கும். ஆகவே, ஒரு செடி எவ்வளவு உயரம் போகும் என்பதைவிட, அடிவரை இலை தாங்கி நிற்குமா என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

செடியைப் பற்றி யோசிப்பதற்கு முன் பார்வைக்கோட்டை அளந்துகொள்ளுங்கள். நீங்கள் வழக்கமாக அமரும் இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். மற்றொருவர் ஒரு கழியின் நுனியில் துணியைக் கட்டி, செடி வரப்போகும் இடத்தில் அதை மெல்ல உயர்த்தட்டும். எதிரேயுள்ள சன்னல் துணிக்குப் பின்னால் மறையும் உயரமே உங்களுக்குத் தேவையான உயரம். உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து 1.2 மீட்டரிலும், செடிவரிசைக்கு அப்பால் 8 மீட்டர் தொலைவிலுள்ள மாடிச் சன்னலில் நிற்பவரின் கண் 4.5 மீட்டரிலும் இருப்பதாகக் கொள்வோம். நீங்கள் வரிசையிலிருந்து 6 மீட்டர் தள்ளி அமர்ந்தால் மறைப்பு ஏறத்தாழ 2.6 மீட்டர் இருக்க வேண்டும். 2 மீட்டர் தொலைவில் அமர்ந்தால் 1.9 மீட்டரே போதும். இருக்கையைச் சற்று நகர்த்தினாலே பல ஆண்டுக் காத்திருப்பு மிச்சமாகலாம் என்பதால், இந்தச் சோதனையைத் தவிர்த்துவிடாதீர்கள்.

தேவையான உயரம் தெரிந்த பிறகு, இயல்பாகவே அந்த உயரத்தை ஒட்டி வளர்ந்து நிற்கும் செடியைத் தேடுவது நல்லது. பத்து மீட்டர் வளரும் மரத்தை இரண்டு மீட்டரில் நிறுத்திவைப்பது ஆயுள் முழுவதும் கத்தரியோடு நடத்தும் போராட்டமாகிவிடும். இடுப்பளவு மறைப்புக்கு வெட்சி எனப்படும் இட்லிப்பூவும், ஆளுயரத்துக்குச் செம்பருத்தி, மருதாணி போன்றவையும் பொருந்தும். மருதாணி எத்தனை முறை வெட்டினாலும் மீண்டும் துளிர்க்கும், வறட்சியையும் தாங்கும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி எளிதில் ஏறும் என்பதால், வாரம் ஒருமுறையாவது இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க இயலாதவர்கள் அதை மட்டுமே நம்பி நீண்ட வரிசை அமைக்க வேண்டாம். மாடி உயரத்துக்கு மறைப்பு வேண்டும், இடமோ குறுகலானது என்றால், பலர் அசோக மரம் என்று தவறாக அழைக்கும் நெட்டிலிங்கத்தின் ஒடுங்கி வளரும் வகை ஏற்றது. உறைபனி விழும் பகுதிகளில் இவை பிழைப்பது கடினம். அங்கே தூஜா போன்ற ஊசியிலைச் செடிகளை நாடலாம். ஆனால் அவற்றைப் பச்சை இலை உள்ள அளவுக்கு மேல், பழைய மரப்பகுதிவரை வெட்டினால் அந்த இடம் பெரும்பாலும் திரும்பத் துளிர்க்காது.

மூங்கிலைக் குறித்துச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மூங்கிலில் இரண்டு போக்குகள் உண்டு: ஒன்று இருந்த இடத்திலேயே தூர் கட்டிப் புதராகப் பெருகும், மற்றொன்று நிலத்தடித் தண்டைப் பக்கவாட்டில் ஓடவிட்டு, பல அடிகளுக்கு அப்பால், சில வேளைகளில் அடுத்தவர் மனையிலும் குருத்தை நீட்டும். இரண்டாவது வகையை ஒருமுறை நட்டுவிட்டால் முழுதாக அகற்றுவது மிகக் கடினம். வாங்கும்போது “இது தூர் கட்டும் வகையா, ஓடும் வகையா?” என்று கேளுங்கள், தெளிவான பதில் கிடைக்காவிட்டால் வாங்காமல் திரும்பிவிடுங்கள். ஆல், அத்தி இனச் செடிகளைக் கழிவுநீர்க் குழாய்க்கும் கட்டடத்தின் அடித்தளத்துக்கும் அருகில் வேலியாக நடுவதும் இதே போன்ற தொல்லையில்தான் முடியும்.

குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் நடமாடும் இடத்தில் அரளி வேண்டாம். அதன் எல்லாப் பாகங்களும் நச்சுடையவை; வெட்டிய கிளைகளை எரித்தால் எழும் புகையும் கெடுதலானது. டுரான்டா செடியின் மஞ்சள் காய்களும் நச்சுத்தன்மை கொண்டவையே.

நர்சரியில் செடியைப் பார்க்கும்போது அதன் உச்சியைப் பார்க்காமல், கையால் இலைகளை விலக்கி அடியைப் பாருங்கள். மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் பக்கக் கிளைகள் புறப்பட்டிருந்தால் அதுவே வேலிக்கு உரிய செடி. தொட்டிகளை நெருக்கி அடுக்கியதால் வெளிச்சத்தைத் தேடி ஒற்றைத் தண்டாக நீண்டுபோன செடி, எவ்வளவு உயரமாக இருந்தாலும் அடர்த்தியில் பின்தங்கும். அடித்துளை வழியாக வேர்கள் சுருண்டு வெளியேறியிருந்தால் அதையும் ஒதுக்குங்கள். ஒரே இனத்தால் வரிசை முழுவதையும் நிரப்பினால், ஒரு நோய் வந்தாலே மறைப்பு மொத்தமும் போய்விடக்கூடும் என்பதால், இரண்டு மூன்று இனங்களைக் கலந்து நடுவதையே நான் பரிந்துரைப்பேன்.

புதர்ச்செடிகளை 45 முதல் 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நடலாம். அகலம் இருந்தால் இரட்டை வரிசையாக, ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று வருமாறு நட்டால் விரைவில் அடைபடும். ஓரடி அகலம்கூட இல்லாத இடத்தில் கம்பிவலையில் ரங்கூன் மல்லி போன்ற கொடியை ஏற்றுவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

நட்ட செடி வேர்பிடித்துத் துளிர்த்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். உயரம் குறைகிறதே என்று மனம் தயங்கும். ஆனால் நுனிமொட்டு இருக்கும்வரை பக்கமொட்டுகள் அடங்கியே கிடக்கும், அது போனால்தான் அவை கிளைக்கும். பின்னர் கவாத்து செய்யும்போதெல்லாம் அடி அகலமாகவும் மேல்பகுதி சற்றுக் குறுகலாகவும் இருக்குமாறு வெட்டினால் வெயில் கீழ் இலைகள்வரை இறங்கும். கத்தரியை எடுப்பதற்கு முன் கிளைகளை மெல்ல விலக்கிப் பாருங்கள். பறவைக் கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால், குஞ்சுகள் பறந்து செல்லும்வரை அந்தப் பகுதியை வெட்டாமல் விட்டுவையுங்கள்.